வாயிலில் யார் பெயர்? கொல்கத்தாவின் பால்புதுமை இரவுகளும் அவற்றின் புரவலர்களும்

வணிக நிறுவனமொன்றின் பொருளுதவியுடன் பால்புதுமையருக்கென ஓர் இரவு நிகழ்வை வடிவமைப்பவர்கள் இசையையும் ஒளியையும் பற்றிச் சிந்திக்கும் முன்பே, பெயரைப் பற்றிய மூன்று முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள். வாயிலில் எவர் பெயர் ஒளிர வேண்டும்? மேடையில் ஆடுபவர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும்? உள்ளே நுழைபவர் தம் பெயரை எவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கொடுக்கை முறித்த பிறகு, இந்தியப் பெருநகரங்களில் பிராண்டுகளின் பொருளுதவியோடு நிகழும் இத்தகைய இரவுகள் பெருகின. அவற்றைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் 'வானவில் வணிகம்' என்ற கண்டனமாகவோ, 'சமூக ஏற்பு வந்துவிட்டது' என்ற களிப்பாகவோ நின்றுவிடுகிறது. கொல்கத்தாவின் இரவு வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இவ்விரண்டு நிலைப்பாடுகளும் போதவில்லை. அந்நகரில், பாலின ஒழுங்குக்கும் குடும்ப ஒழுங்குக்கும் வெளியே நின்றவர்கள் மேடையேறிய இரவுகளுக்குப் புரவலர் இல்லாத காலம் அரிது. காலந்தோறும் மாறியது அப்புரவலர் கேட்ட விலை. அவ்விலை பணமாகக் கேட்கப்பட்டதைவிடப் பெயராகக் கேட்கப்பட்டதே அதிகம்.

1883ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்கலாம். வங்காளப் பொதுமேடையின் தலைசிறந்த நடிகையாக அப்போது விளங்கியவர் பினோதினி தாசி. கணிகையர் குடியிருப்பில் பிறந்து, பதின்பருவம் எட்டுமுன்பே மேடையேறியவர். குர்முக் ராய் என்ற இளம் மார்வாரிச் செல்வர் அவரைத் தம் காமக்கிழத்தியாக்கிக்கொள்ள விரும்பினார். பதிலுக்கு ஒரு நாடக அரங்கைக் கட்டித் தரவும் முன்வந்தார். கிரீஷ் சந்திர கோஷ் முதலிய சக கலைஞர்கள் இணங்குமாறு வற்புறுத்தினர். கட்டப்படும் அரங்கு பினோதினியின் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி 'பி' தியேட்டர் என வழங்கும் என்று அவருக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டது. பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த பெயரோ 'ஸ்டார்'. கணிகையின் பெயரைத் தாங்கிய அரங்குக்கு நற்குடிப் பார்வையாளர் வரமாட்டார்கள் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். இந்த ஏமாற்றத்தைப் பினோதினி தம் சுயசரிதையில் மனம் கசந்து பதிவு செய்துள்ளார்.

பீடன் தெருவில் எழுந்த அந்த அரங்கின் பிற்கால வரலாறு, பெயர் என்பது எத்தகைய சொத்து என்பதைக் காட்டுகிறது. குடும்ப நெருக்கடியால் குர்முக் ராய் விரைவிலேயே விலகினார். அரங்கு குழுவினர் சிலரின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் கோபால் லால் சீல் என்ற செல்வர் அக்கட்டடத்தை வாங்கினார். ஆனால் 'ஸ்டார்' என்ற பெயரைக் குழுவினர் விற்கவில்லை. வாங்கியவர் தம் அரங்கை 'எமரால்டு' என்றழைக்க நேர்ந்தது. குழுவினர் 'ஸ்டார்' என்ற பெயரைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாத்திபாகானில் 1888இல் புதிய அரங்கைத் தொடங்கினர். செங்கல்லையும் சுண்ணாம்பையும்விடப் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதை அன்றைய நாடக வணிகர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். அந்த மதிப்பில் எவர் உடல் விலையாகக் கொடுக்கப்பட்டதோ அவருக்குப் பங்கில்லை. பினோதினி அதற்குள் மேடையை விட்டே விலகியிருந்தார். 2024 டிசம்பர் இறுதியில் மேற்கு வங்க அரசு ஹாத்திபாகான் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தது. அவர் தம்மையே ஈடாக வைத்துப் பெற்ற கட்டடம் அதுவன்று என்பதை அந்த அறிவிப்பைக் கொண்டாடியவர்களில் பலர் கவனிக்கவில்லை.

பினோதினியை இன்றைய பொருளில் பால்புதுமையர் என்றழைப்பது காலவழுவாகும். எனினும், பீடன் தெரு மேடையில் 1884இல் சைதன்யராக, அதாவது ஆண் துறவியாக வேடம் புனைந்து, இராமகிருஷ்ணரையே பார்வையாளராகப் பெற்றவர் அவர். குடும்ப ஒழுங்குக்குப் புறத்தே நின்று, பாலின வேடத்தை மாற்றி அணிந்து, புரவலர் ஒருவரின் பணத்தில் இரவை ஆண்ட கலைஞர் என்ற வகையில் இந்த வரலாற்றுக்குள் அவருக்கு இடம் உண்டு.

அவருக்கும் முந்தைய முன்மாதிரியும் உண்டு. பிளாசிப் போருக்குப் பிந்திய 1757இல் சோபாபஜார் மாளிகையில் நவகிருஷ்ண தேவ் துர்கா பூசை நடத்தினார். கிளைவ் நேரில் வந்தார் என்ற மரபுச் செய்தியை ஆய்வாளர்கள் ஐயத்துடன்தான் நோக்குகிறார்கள். அதைத் தள்ளிவைத்தாலும், அடுத்த நூறாண்டுகளில் பாபுக்களின் மாளிகைகளில் நிகழ்ந்த நாட்டிய இரவுகள் ஐரோப்பியரை வரவழைத்துச் செல்வத்தைப் பறைசாற்றும் விளம்பர நிகழ்ச்சிகளாகவே விளங்கின. அங்கு ஆடிய பாயிஜிகளுள் பெயரால் அறியப்படுவோர் சிலரே. புரவலர் குடும்பங்களின் பெயர்களோ வடகொல்கத்தாவின் தெருப்பலகைகளில் இன்றும் நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதை சித்பூர் சாலைக்கு இடம்பெயர்கிறது. ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் அச்சாலையில், பெண் வேடம் புனையும் ஆண்களுக்கு 'ராணி' என்ற பட்டம் உண்டு. அவர்களுள் இறுதிப் பெரும்பெயர் சபல் பாதுரி, அதாவது 'சபல் ராணி'. நடிகை பிரபா தேவியின் மகனான அவர், பெண் வேடத்தால் விளம்பரத்தாள்களில் முதலிடம் பெற்றவர். பெண்களே ஜாத்ரா மேடைக்கு வரத் தொடங்கியதும் அவருடைய சந்தை சரிந்தது. பின்னாளில் சீதளா தேவியாக வேடமிட்டு ஆடிப் பிழைத்தார். நவீன் கிஷோர் 1999இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2010இல் வெளிவந்த கௌசிக் கங்குலியின் 'ஆரேக்டி பிரேமேர் கல்போ'வில் சபல் பாதுரி தாமாகவே தோன்ற, அவரைப் படமெடுக்கும் இயக்குநராக ரிதுபர்ணோ கோஷ் நடித்தார். ஒருவர் சிற்றூர்ப் பந்தல்களில் விடியவிடிய ஆடியவர். மற்றவர் நகர்சார் நடுத்தர வர்க்கத்தின் கலைத்திரைப்பட முகம். ஒரே சட்டகத்தில் இருவரும் அமர்ந்திருப்பது வங்கப் பால்புதுமை வரலாற்றின் வர்க்க இடைவெளியை எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ஜாத்ராவில் 'ராணி' என்ற பெயரைக் கம்பெனி விற்றது. அப்பெயருக்குப் பின்னிருந்த விருப்பத்தையும் வாழ்வையும் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததே அந்த ஏற்பாட்டின் வசதி.

பார்க் தெருவின் இரவுகள் வேறு வகை. விடுதலைக்குப் பிந்திய இருபதாண்டுகளில் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், மௌலின் ரூஜ் ஆகியவற்றில் ஜாஸ் இசையும் காபரே நடனமும் செழித்தன. சென்னை மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் புடவை கட்டிப் பாடத் தொடங்கிய தமிழ்ப் பெண் உஷா, பின்னர் உஷா உதுப்பாகப் புகழ்பெற்றது டிரிங்காஸின் மேடையில்தான். கிழக்கு வங்க அகதிக் குடும்பத்திலிருந்து வந்த ஆரதி தாஸ், சௌரங்கியின் ஃபிர்போஸில் 'மிஸ் ஷெஃபாலி' ஆனார். இந்த இரவுகளில் பால்புதுமையர் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை; ஆனால் அவர்களாக அறியப்பட்டு இருந்ததில்லை. அறியப்பட்டு ஒருவரையொருவர் சந்தித்த இடங்கள் கட்டணமில்லாதவை: மைதானம், தாகுரியா ஏரிக்கரை, ரயில் நிலையங்கள். அங்கு புரவலரும் இல்லை, வாயிலும் இல்லை. காவலரின் கைத்தடி மட்டும் இருந்தது.

1990களில் அமைப்புகள் தோன்றியபோது முதல் சிக்கலாக நின்றதும் பெயரே. 1993இல் கொல்கத்தாவில் உருவான கவுன்சில் கிளப், 'பிரவர்த்தக்' என்ற இதழையும் கடிதப் போக்குவரத்தையும் தன் உயிர்நாடியாகக் கொண்டிருந்தது. மாவட்ட ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அஞ்சல் பை எண்ணுக்கு எழுதினால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது; எழுதுபவர் விரும்பிய பெயரில் எழுதலாம். அவ்வமைப்பின் முன்னணியினருள் ஒருவரான பவன் தால், 1990களின் கிழக்கிந்தியப் பால்புதுமை இயக்கத்தைப் பற்றி 2020இல் வெளியிட்ட நூலில் இக்கடித உலகைப் பதிவு செய்துள்ளார். 'ஃபயர்' திரைப்படத்தைச் சுற்றி எழுந்த கலவரத்தின் சூட்டில், 1999 ஜூன் 20 அன்று பெண்கள் அறுவர் கூடி 'சாஃபோ'வைத் தொடங்கினர். இரு வாரங்கள்கூட ஆகவில்லை. 1999 ஜூலை 2 அன்று பார்க் சர்க்கஸ் மைதானத்திலிருந்து மஞ்சள் நிறச் சட்டையணிந்த சுமார் 15 பேர் மழையில் நடந்தனர். 'நட்பு நடை' என்று பெயரிடப்பட்ட அதுவே இந்தியாவின் முதல் பெருமித நடையாக அறியப்படுகிறது. தில்லி உயர் நீதிமன்றம் 377ஆம் பிரிவைக் குறுக்கித் தீர்ப்பளித்ததும் பத்தாண்டுகள் கழித்து அதே ஜூலை 2ஆம் நாளில்.

அந்த நடை பட்டப்பகலில் நிகழ்ந்தது. பெருமித நடை என்ற பெயர்கூட அதற்கு இல்லை. 'நட்பு' என்ற மென்சொல்லின் மறைவில் அது வெளிவந்தது. பால்புதுமை வரலாற்றை எழுதுபவர்கள் அன்று நடந்த 15 பேரைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், அது தகும். அன்று வராதவர்கள், வர இயலாதவர்கள், மறுநாள் நாளிதழில் தம் முகம் தெரிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் அதே வரலாற்றைச் சேர்ந்தது. இரவு அவர்களுக்காகவே இருந்தது.

அக்காலத்தில் மற்றொரு புரவலரும் வந்தார்: எச்.ஐ.வி. தடுப்பு நிதி. அரசும் பன்னாட்டுக் கொடையாளர்களும் அளித்த நிதியால் மாவட்டந்தோறும் அலுவலகங்களும் சந்திப்பு அறைகளும் தோன்றின. அந்நிதிக்கான விலை மக்களின் பெயர்மாற்றம். வங்கச் சிற்றூர்களில் 'துராணி' முதலிய சொற்களால் தம்மைக் குறித்துக்கொண்டவர்கள், அறிக்கைகளில் 'எம்.எஸ்.எம்.' என்ற மூன்றெழுத்து ஆனார்கள். பின்னர்த் 'திருநர்' என்ற தனிப்பத்தி வந்தபோது எந்தப் பத்தியில் நிற்பது என்ற குழப்பம் எழுந்தது. அனிருத்த தத்தாவின் கட்டுரைகள் இந்த வகைப்படுத்தலின் விளைவுகளை நுணுக்கமாக ஆராய்கின்றன. நிறுவனமயமான இயக்கம், கைதட்டிச் சிரித்துத் தெருவில் ஆடும் கோத்திகளின் நடத்தையை எவ்வாறு 'பண்பற்றது' எனக் கண்டித்து ஒழுங்குபடுத்த முயன்றது என்பதையும் அவர் காட்டுகிறார். பிராண்டுகளின் வருகைக்கு முன்பே பால்புதுமையருக்குள் 'காட்டத்தக்கவர்', 'காட்டத்தகாதவர்' என்ற பிரிவினை தொடங்கிவிட்டது என்பது இதிலிருந்து தெளிவு.

மேற்கில் இவ்வுறவு வேறு பாதையில் வந்தது. நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியை 1960களில் நடத்தியது மாஃபியா. மதுபான உரிமம் இல்லாததால் அது தனியார் மன்றமாக நடித்தது. எனவே வருபவர்கள் வாயிலில் ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலோர் பொய்ப்பெயரே எழுதினார்கள். விடுதிக்காரருக்கு ஒரு பெயர் தேவை, வருபவருக்குத் தம் பெயர் தெரியக்கூடாது, இரண்டையும் அந்தப் பொய்ப் பதிவேடு நிறைவேற்றியது. 1981இல் அப்சலூட் வோட்கா 'தி அட்வகேட்' இதழில் விளம்பரம் வெளியிட்டபோது, மதுபான நிறுவனம் தன் பெயரை மறைக்காமல் இச்சமூகத்தை நேரடியாக நாடும் புதிய காலம் தொடங்கிற்று. இந்தியாவில் மதுபான நிறுவனங்கள் இரவு நிகழ்வுகளை நாடியதற்குத் தனிக் காரணமும் உண்டு. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் மதுபான விளம்பரத்தைத் தடை செய்தன. சோடா, இசைத்தட்டு, இசை விழா எனச் சுற்றுவழிகள் பிறந்தன. 2022ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் மறைமுக விளம்பரத்தையும் தடுத்தன. திரையில் ஒளிர இயலாத பெயருக்கு, மக்கள் நேரில் கூடும் இரவு மிகவும் மதிப்புடைய இடமாயிற்று. ஆகவே 'சமூகப் பொறுப்பு' என்ற சொல்லை மட்டும் வைத்து இப்பொருளுதவிகளைப் புரிந்துகொள்ள இயலாது.

வணிக ஆர்வத்தை மட்டுமே காண்பதும் முழு உண்மையாகாது. 377க்கு எதிரான மனுதாரர்களுள் ஒருவர் லலித் விடுதிக் குழுமத்தின் கேசவ் சூரி. தாமே தன்பாலீர்ப்பாளராக இருந்து நீதிமன்றம் சென்றவர். அக்குழுமத்தின் 'கிட்டி சூ' இரவு விடுதிகள் டிராக் கலைஞர்களுக்கு ஊதியமுள்ள மேடையைத் தந்தன. கொல்கத்தாவில் அக்குழுமத்தின் கையில் இருப்பது 1840களில் டேவிட் வில்சன் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் விடுதி. காலனிய விருந்துகளைக் கண்ட கட்டடம், அரசுடைமையாகி, நலிந்து, 2005இல் தனியாருக்கு விற்கப்பட்டு, 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. புரவலரும் சமூகத்தவரும் ஒருவராகவே இருக்கும் இந்நிலை பினோதினியின் காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாதது. டிராக் கலைஞரின் பெயர் சுவரொட்டியில் அவர் தேர்ந்த வடிவிலேயே அச்சாகிறது என்பதைச் சிறிய மாற்றமென ஒதுக்கிவிட முடியாது.

'இம்மர்சிவ்' என்று இன்று விற்கப்படும் வடிவம், அதாவது பார்வையாளரைச் சூழலுக்குள் முழுவதும் இழுத்துக்கொள்ளும் அமைப்பு, கொல்கத்தாவுக்குப் புதிதன்று. துர்கா பூசைப் பந்தல்கள் அதில் தேர்ந்தவை. 1985இல் ஆசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம் 'சாரத் சம்மான்' விருதைத் தொடங்கியதும், பந்தல் குழுக்களிடையே கலைப்போட்டி வலுத்தது. 1990களின் இறுதிக்குள் 'தீம்' பூசை நகரத்தின் அடையாளமாயிற்று. தபதி குஹா-தாகுர்தா 2015இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, வழிபாடும் கலையும் விளம்பரமும் இங்கு எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று விளக்குகிறது. பந்தலுக்குச் செல்லும் தெரு முழுவதும் நிறுவனத் தோரணங்கள். ஆனால் விருதை நாடும் பந்தலின் உள்ளே பெரும்பாலும் விளம்பரம் நுழைவதில்லை. நுழைந்தால் கட்டியெழுப்பிய மாயம் கலைந்துவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர் கேட்பவர் இல்லை. நள்ளிரவில் புறநகர் ரயிலில் வந்திறங்கும் தொழிலாளியும் காரில் வருபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யுனெஸ்கோ 2021இல் இவ்விழாவைப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துச் சொன்னதும் வேறுபாடுகள் மங்கும் இத்தன்மையைத்தான். அந்தப் பாராட்டில் மிகை இருக்கலாம். வடிவமைப்பு விதி மெய்யானது.

2015இல் ஜய் மித்ரா தெருவின் 'உத்யமி யுவக் பிருந்தா' என்ற மன்றம், பிரத்யய் பாலின அறக்கட்டளையுடன் சேர்ந்து, அர்த்தநாரி வடிவில் துர்கையை எழுந்தருளச் செய்தது. சிலையை வடித்தவர் குமார்துலியின் பெண் சிற்பி சீனா பால். குயவர் தெருவில் பெண் சிற்பிகள் அரிதாகவே பெயர் பெறும் சூழலில், அந்தத் தேர்வும் தற்செயலன்று. அது ஆடம்பரமான பந்தலன்று; வாயிலில் இருந்தது தெருமன்றத்தின் பெயர். அந்தத் தெருவில் வாழும் குடும்பங்கள் அதைத் தம் பூசையாகவே ஏற்று நின்றன என்பதில்தான் அதன் அழுத்தம்.

இதற்கு அருகே பிராண்டு இரவின் வழக்கமான வரைபடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு கைப்பேசிச் செயலி வழியே. அதற்குப் பெயரும் எண்ணும் வேண்டும். வாயிலில் அடையாள அட்டை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெறாத திருநங்கையின் அட்டையில் இருப்பது அவர் துறந்த பெயர். காவலாளி அதை உரக்கப் படிக்கும் அந்தக் கணத்தில், உள்ளே காத்திருக்கும் ஒளியும் இசையும் பொருளிழக்கின்றன. உள்ளே கண்ணாடி நடைபாதை, மஞ்சள் டாக்சி, டிராம், பாயிஜியின் சலங்கை எனக் கொல்கத்தாவின் பழமையை அலங்காரமாக்கிய மூலைகள். ஒவ்வொரு மூலையும் புகைப்படத்துக்கென அளவெடுத்து வடிக்கப்பட்டது. ஒவ்வொரு புகைப்படத்தின் ஓரத்திலும் புரவலரின் முத்திரை. நிகழ்வு முடிந்ததும் நிறுவனத்திற்கு அனுப்பப்படும் அறிக்கையில் எத்தனை படங்கள் பகிரப்பட்டன, எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையே நிகழ்வின் வெற்றி. பழைய இரவு தடயமின்றிக் கழிவதற்காக நாடப்பட்டது. புதிய இரவோ தடயத்தை உற்பத்தி செய்வதற்காகவே கட்டப்படுகிறது.

தடயத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றன்று. 2011 பிப்ரவரியில் நந்திகிராமத்தில் ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள் உயிர் துறந்தனர். உடல்களை ஏற்கக் குடும்பங்கள் முன்வரவில்லை. 'சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி' முன்னெடுக்க, தேபலீனா உருவாக்கிய 'எபங் பேவாரிஷ்' என்ற ஆவணப்படம் அந்த மரணங்களைப் பற்றியது. தலைப்பின் பொருள் 'உரிமை கோரப்படாதவர்களும்'. கொல்கத்தாவிலிருந்து சில மணிநேரத் தொலைவில் நிலைமை அது. பாலிகஞ்சில் தனியே வாழும் மென்பொருள் பொறியாளருக்கு மறுநாள் இணையத்தில் வரும் படம் நினைவுப்பரிசு. பாராசாத்தில் பெற்றோருடன் வாழும் கடை உதவியாளருக்கு அதே படம் வீட்டுக்கதவு மூடப்படுவதற்கான காரணமாகலாம். கூவாகத்தில் தாலியறுக்கும் காட்சிகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருவதைக் கண்டு பழகிய தமிழ் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அப்படங்களில் உள்ளவர்களிடம் இசைவு கேட்கப்பட்டதா என்று நாமும் அரிதாகவே வினவியிருக்கிறோம்.

நேரமும் ஒரு வாயிற்காவலன்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நிகழ்வுக்கு வருபவர் சியால்தாவின் கடைசிப் புறநகர் ரயிலைத் தவறவிடுவார். அடுத்த வண்டி விடியற்காலையில். காரோ தோழரின் அடுக்ககமோ இல்லாதவர் இக்கணக்கைப் பார்த்தே வராமல் நின்றுவிடுவார். அவ்வாறு நிற்பவர்களுள் தேர்ந்த ஆட்டக்காரர்களும் உண்டு. வங்கத்தின் கோத்திகள் பலர் திருமணப் பருவத்தில் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்திற்கும் சென்று 'லௌண்டா' நடனம் ஆடுகிறார்கள். கூலி குறைவு, வன்முறை மிகுதி. இரவு நிகழ்வு என்ற கலையில் அவர்களளவு பட்டறிவு உடையவர் எவரும் இலர். பிராண்டு இரவின் மேடையில் அவர்களைக் காண்பது அரிது. பெங்களூரு, சிகாகோ நகரங்களின் இரவுகளை ஆராய்ந்த கரீம் குப்சந்தானி, நடையும் உடையும் நடன அசைவும் இசைத்தேர்வும் வர்க்கத்தின் குரலில் எவ்வாறு பேசுகின்றன என்று காட்டினார். கொல்கத்தாவுக்கும் அது பொருந்தும்.

புரவலரின் நிலையாமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2023இல் திருநங்கை ஒருவருடன் பட் லைட் பீர் செய்த சிறு விளம்பரம் புறக்கணிப்பைக் கிளப்பியதும் அந்நிறுவனம் தடுமாறிப் பின்வாங்கியது. 2025இல் சான்பிரான்சிஸ்கோ பெருமித விழாவின் நீண்டகாலப் புரவலர்கள் சிலர் விலகினர். மதுபானப் பெருநிறுவனங்களும் அவர்களுள் அடங்கும். குர்முக் ராய் குடும்பத்துக்கு அஞ்சி விலகினார், இவர்கள் சந்தைக்கு அஞ்சி விலகுகிறார்கள். அன்று குழுவினரிடம் பெயர் தங்கியதால் அவர்கள் கட்டடத்தை இழந்தும் பிழைத்தார்கள். நிகழ்வின் பெயரே பிராண்டின் பெயராக இருந்தால், பிராண்டு விலகும் நாளில் சமூகத்திடம் எஞ்ச ஒன்றும் இராது.

வடிவமைப்பாளருக்கு இந்த வரலாறு தரும் பாடம் மிகவும் நடைமுறை சார்ந்தது. நிகழ்வின் பெயர் சமூக அமைப்பின் உடைமையாக ஒப்பந்தத்தில் எழுதப்படலாம். புரவலரின் பெயர், பந்தலில் போல, தெருவிலும் வாயிலிலும் நின்று உள்ளே வராமலிருக்கலாம். சீட்டு வாங்குபவர் எந்தப் பெயரையும் தரலாம். வயதைச் சரிபார்க்கும் காவலாளி பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துப் பெயரைப் படிக்காதிருக்கப் பயிற்றப்படலாம். படமெடுக்க ஒரே ஓர் அறை, மற்ற இடங்களில் கைப்பேசியின் கண்ணுக்கு ஒட்டுத்தாள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிக் கடைசி ரயிலுக்கு முன் முதற்பகுதி முடிவது. லௌண்டா கலைஞருக்கு டிராக் கலைஞருக்கு நிகரான ஊதியம், முன்பணத்துடன். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் புரவலர் கேட்கும் எண்ணிக்கை அறிக்கையைச் சற்றே மெலியச் செய்யும். பேச்சுவார்த்தை முறிவதும் அங்கேதான்.

வரலாற்றாய்வாளருக்கு இதில் வேறொரு தொல்லையும் உண்டு. மைதானத்து இரவுகள் தடயமின்றிப் போயின. அவற்றைப் பற்றி எழுதுபவர் காவல்துறை ஆவணத்தையும் வாய்மொழியையும் நம்ப வேண்டியிருக்கிறது. கவுன்சில் கிளப்பின் காலத்திற்குக் கடிதங்கள் உள்ளன. எழுதியவர்கள் தாமே தேர்ந்த பெயர்களில், தம் கையெழுத்தில், சமூகத்தவரின் காப்பில். பிராண்டு இரவுகள் விட்டுச்செல்லும் படங்களும் பெயர்ப்பட்டியல்களும் கைப்பேசி எண்களும் முந்தைய எக்காலத்தையும்விட நிறைவானவை. அவை இருப்பது நிகழ்வு மேலாண்மை நிறுவனங்களின் வழங்கிகளிலும் விளம்பர முகமைகளின் கோப்புகளிலும். அவற்றைத் திறந்து பார்க்கும் உரிமை ஆய்வாளருக்கும் இல்லை, அப்படங்களில் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இல்லை.